மோட்டாருக்கும் வருணாசிரமமா?

பிறப்பைப் பார்த்து உயர்வு தாழ்வு சொல்லும் புத்தி நம் தேசத்தில் மட்டுமே உண்டென்றும், மேல்நாட்டார் எதையும் தராசில் நிறுத்துப் பார்த்தே வாங்குவார்கள் என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஒரு மோட்டார் வண்டியின் வியாபாரக் கணக்கைக் கொண்டு பார்ப்போம். மோட்டார் சைக்கிளுக்கே தவணை கட்டிக்கொண்டிருக்கிற நமக்கும் கோடி ரூபாய் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். வண்டி வாங்கச் சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. வாங்குகிறவனுடைய புத்தி எப்படி வேலை செய்கின்றது என்பதைக் காட்டவே எழுதுகின்றோம்.

ஜெர்மனி தேசத்தில் வோக்ஸ்வாகன் என்றொரு கம்பெனி இருக்கிறது. அச்சொல்லுக்கே "மக்கள் வண்டி" என்றுதான் பொருள். ஏழை எளியவரும் ஏறக்கூடிய சிறு வண்டிகளைச் செய்து பேர் வாங்கிய கம்பெனி அது. அதன் தலைவராயிருந்த பெர்டினாண்டு பீயெக் என்பவர், கோடீஸ்வரர் ஏறும் பெரிய வண்டியையும் நாமே செய்தாலென்ன என்று நினைத்தார். டிரெஸ்டன் நகரத்தில், வேலை நடப்பதை வெளியிலிருப்போரும் பார்க்கும்படி கண்ணாடிச் சுவர் எழுப்பித் தொழிற்சாலை கட்டினார். 2002-ஆம் ஆண்டில் "ஃபேட்டன்" என்னும் வண்டி அங்கிருந்து வெளிவந்தது. வெளியே 50 டிகிரி வெயில் அடித்தாலும், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுதும் ஓடினாலும், உள்ளே 22 டிகிரி குளிர்ச்சி குறையக்கூடாது என்று அவர் நிபந்தனை போட்டதாகச் சொல்லுவார்கள். நம் திருவண்ணாமலைக் கத்திரி வெயில்கூட 50 டிகிரியைத் தொட்டதில்லை. வண்டியின் யோக்கியதையில் குறை சொல்ல அதிகமில்லை என்பதே ஓட்டிப் பார்த்தவர்களின் அபிப்பிராயம்.

ஆண்டுக்கு 20,000 வண்டி விற்கவேண்டுமென்பது கம்பெனியின் கணக்கு. எந்த ஆண்டிலும் அத்தொகை நிறைவேறவில்லை. 2016-ல் உற்பத்தியை நிறுத்தும்வரை மொத்தம் ஏறக்குறைய 84,000 வண்டிகளே செய்யப்பட்டன. இனி தேசவாரியாகப் பாருங்கள். பணக்காரர் மலிந்த அமெரிக்காவில் சில ஆயிரம் வண்டிகளே விலையாயின. 2006-ல் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து திரும்பிவிட்டார்கள். சீனாவிலோ நல்ல கிராக்கி. பிற்காலத்தில் அதற்கு முதன்மையான சந்தையே சீனாதான். தென்கொரியாவிலும் மதிப்போடு ஓடிற்று. 2010-ல் இந்தியாவிற்கும் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

ஒரே தொழிற்சாலை, ஒரே இஞ்சின், ஒரே தோல் மெத்தை. ஓரிடத்தில் மதிப்பும் ஓரிடத்தில் அவமதிப்பும் ஏன்? அமெரிக்கச் சீமான் வண்டியின் உள்ளே பார்க்கவில்லை, மூக்கின்மேல் ஒட்டியிருந்த முத்திரையைப் பார்த்தான். "இது மக்கள் வண்டிக்காரன் வீட்டுப் பிள்ளையல்லவா? இதற்கு இவ்வளவு விலையா?" என்றான். நம்மூரில், "பிள்ளை நன்றாகத்தான் படித்திருக்கிறான், ஆனால் எந்தத் தெருவுக்காரன்?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

வண்டி கனம், பெட்ரோல் அதிகம் குடிக்கும், அதனால்தான் விற்கவில்லை என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அதற்கும் பதில் இருக்கிறது. இதே வோக்ஸ்வாகன் கம்பெனியார் 1998-ல் இங்கிலாந்தின் பென்ட்லி கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். ஃபேட்டனுக்குப் போட்ட அடித்தளத்தையே வைத்துக்கொண்டு பென்ட்லி பெயரில் வண்டிகள் செய்தார்கள். அவற்றில் சில, சில காலம் அதே டிரெஸ்டன் கண்ணாடித் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டன. விலையோ இரண்டு மடங்குக்கும் மேல். பெட்ரோலும் அதிகம்தான் குடித்தது. அதை அமெரிக்கர் வரிசையில் நின்று வாங்கினார்கள். முன்பு ஆண்டுக்கு ஆயிரம் வண்டி விற்றுவந்த பென்ட்லி, 2007-ல் 10,000-ஐத் தாண்டிற்று. எலும்பு ஒன்று, இரத்தம் ஒன்று, தோலின்மேல் குத்திய முத்திரை மட்டும் வேறு. ஒன்று முகத்தில் பிறந்ததாம், மற்றொன்று காலில் பிறந்ததாம்!

சீனாக்காரர் மட்டும் பகுத்தறிவினால் வாங்கினார்களோ என்றால் அதுவுமில்லை. பணம் இருப்பது ஊருக்குத் தெரியாமல் இருக்கவேண்டுமென்று நினைத்த முதலாளிகளுக்கு அந்தச் சாதாரண முத்திரையே வசதியாயிருந்தது. "பென்ஸைக் கண்டு பயப்படாதே, வோக்ஸ்வாகன் முத்திரைக்குக் கீழே எழுத்து இருந்தால் பயப்படு" என்ற கருத்தில் அங்கே ஒரு கேலிப்பேச்சே உண்டு. ஆகவே ஒருவன் முத்திரைக்காக ஒதுக்கினான், மற்றொருவன் அதே முத்திரைக்காக வாங்கினான். இருவரும் வண்டியைப் பார்க்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பென்ஸ் கம்பெனியார் 2002-ல் "மேபாக்" என்னும் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, பென்ஸின் நட்சத்திர முத்திரை இல்லாமல் ஒரு மகா பெரிய வண்டியை விற்றார்கள். பத்தாண்டில் சுமார் 3,000 போயிற்று. 2012-ல் கடையை மூடினார்கள். பிறகு அதே பெயரைப் பென்ஸ் வண்டியோடு சேர்த்து, நட்சத்திரத்தையும் வைத்தார்கள். 2021-ல் உலகத்தில் 15,730 விற்றன. மாதத்திற்கு 900-க்கு மேல் சீனாவிலேயே விற்றன. 2022 முதல் புனாவுக்கு அருகில் சாக்கனிலும் பூட்டுகிறார்கள். அப்போது ஆரம்ப விலை இரண்டரைக் கோடி.

நம் தேசத்துக் கணக்குக்கு வருவோம். 2024-ல் இந்தியாவில் சுமார் 43 இலட்சம் கார்கள் விற்றன. அவற்றில் சீமான்கள் ஏறும் உயர்ந்த ரகம் நூற்றுக்கு ஒன்றுதான். பென்ஸ் கம்பெனி மட்டும் இங்கே விற்றது 19,565. ஜெர்மனியின் ஜனத்தொகை நம் தமிழ்நாட்டைவிடச் சற்றே அதிகம். அங்கே அதே ஆண்டில் அதே கம்பெனி 2 இலட்சத்திற்கு மேல் விற்றிருக்கிறது. அங்கே பென்ஸ் வாடகைக் காராக ரயிலடியில் நிற்கும். இங்கே அதுவே உற்சவமூர்த்தியாகிவிடுகிறது. காரணம் வருமான வித்தியாசமும் வரியும்தானே ஒழிய, அவர்கள் நெற்றியிலோ நம் நெற்றியிலோ எழுதியது ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் ஜோசியர் குறுக்கிடுவார். ஃபேட்டன் என்பது கிரேக்கப் புராணத்தில் சூரியனுடைய மகன் பெயர். தகப்பன் ரதத்தைக் கேட்டு வாங்கி, ஓட்டத் தெரியாமல் உலகத்தைக் கொளுத்தி, இடிவிழுந்து செத்தவன். "பேர் ராசியில்லை, அதனால்தான் வியாபாரம் படுத்தது" என்பார். அப்படியானால் அதே பெயரோடு கொரியாவில் எப்படி ஓடிற்று? கிரகம் அமெரிக்காவில் ஒரு விதமாகவும் கொரியாவில் வேறு விதமாகவும் சுற்றுகிறதா?

எட்டாம் எண்ணின் கதையும் அப்படித்தான். சீனாவில் 8 என்றால் அதிர்ஷ்டம். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக் பந்தயத்தை எட்டாம் மாதம் எட்டாந்தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கினார்கள். நம்மூரில் 8 என்றால் சனி. வண்டி நம்பரைக் கூட்டி எட்டு வந்தால், இரண்டரைக் கோடி கொடுக்க அஞ்சாதவன் அந்த எட்டுக்கு அஞ்சி, வேறு நம்பருக்குப் பணம் கட்டுகிறான். ஒரே வண்டி, ஒரே நம்பர். கப்பலில் ஏறும்போது அதிர்ஷ்டமாயிருந்தது சென்னையில் இறங்கும்போது தரித்திரமாகிவிடுமா?

நம் ஊருக்கு வாருங்கள். பௌர்ணமி தோறும் வெளியூர்ச் சீமான்களின் பெரிய வண்டிகள் கிரிவலப் பாதைப் பக்கம் வந்து நிற்பதைப் பார்க்கிறோம். புது வண்டியானால் நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். ஜெர்மனி இஞ்சினீயர் வண்டியைச் சுவரில் மோதவிட்டு ஆராய்ந்து, காற்றுப்பையும் பிரேக்கும் வைத்து அனுப்பியிருக்கிறான். அதையெல்லாம் விட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தை நம்புகிறார்கள். திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். சாமியே ஏறும் அத்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியிருக்கிறார்கள். சாமி தேரை நிறுத்தவே பிரேக் வேண்டியிருக்கும்போது, ஆசாமி வண்டிக்குப் பழம் போதுமா?

நிற்க, வண்டிக்காவது ஒரு வழி இருக்கிறது. முத்திரையைக் கழற்றிவிட்டு வேறு முத்திரை ஒட்டினால் விலை இரண்டு மடங்காகிறது. மனிதனுக்கு அந்த வழியும் இல்லை. எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் சர்க்கார் உத்தரவிட்டு, பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். அவற்றில் ஒன்று நம் திருவண்ணாமலையிலேயே நடந்தது. எல்லாப் பள்ளிகளிலுமாகச் சுமார் 200 பேர் படித்துத் தேறினார்கள். மந்திரம் தெரியவில்லை என்று அவர்களை யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வழக்கு, வாய்தா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2021 ஆகஸ்டில்தான் அவர்களில் 24 பேருக்கு உத்தரவு கிடைத்தது. வேலை கற்றாகிவிட்டது, சர்ட்டிபிகேட் வாங்கியாகிவிட்டது. குறுக்கே நின்றது முத்திரை ஒன்றுதான்.

வோக்ஸ்வாகன் கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் அது நம் கவலையல்ல. அவர்கள் வேறு வண்டி விற்றுப் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு நல்ல வண்டியை முத்திரைக்காகத் தள்ளுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற நாம், ஒரு நல்ல மனிதனைப் பிறப்புக்காகத் தள்ளும்போது சிரிப்பதில்லை, அதைச் சம்பிரதாயம் என்கிறோம். தோழர்களே, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும், வேலைக்கு ஆள் வைக்கும்போதும், வீட்டை வாடகைக்கு விடும்போதும் இந்த ஃபேட்டன் கணக்கை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். முத்திரையை விட்டுவிட்டு இஞ்சினைப் பாருங்கள். அதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை, கொஞ்சம் அறிவு இருந்தால் போதும்.