தீர்வை குறைந்தால் தீமை குறையுமா?

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வாணிப உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. பிரிட்டனிலிருந்து வரும் விஸ்கி, ஜின் ஆகியவற்றின் மீதான 150 விழுக்காடு சுங்கத் தீர்வை முதலில் 75 ஆகவும், பத்தாம் ஆண்டில் 40 ஆகவும் குறைய அது வழி செய்கிறது. அதே உடன்படிக்கை நம் தோல் பொருள்களும் காலணிகளும் தீர்வையின்றி அந்நாட்டுச் சந்தையை அடைய இடமளிக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை நம்பி அடுப்பெரியும் இல்லங்களுக்கு இது நற்செய்தியே. ஹலாலான வாணிபம் பெருகுவதை எவர் வெறுப்பார்? ஆயினும் அதே ஏட்டின் மறுபக்கத்தையும் படிப்பது நம் கடமை.

தீர்வை மிகுந்திருந்த 2024ஆம் ஆண்டிலேயே, ஸ்காட்லாந்து விஸ்கியைப் புட்டிக் கணக்கில் மிகுதியாக வாங்கிய நாடு இந்தியாதான். 19 கோடிப் புட்டிகளுக்கு மேல்! ஆசை உள்ள இடத்தில் தீர்வைச் சுவர் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. அப்படியாயின் அச்சுவரைத் தாழ்த்துவதால் என்ன தீங்கு என்று சிலர் கேட்கக்கூடும். வரலாறு விடை கூறுகிறது.

1689இல் பிரான்சுடன் பகை கொண்ட இங்கிலாந்து, அந்நாட்டு பிராந்தியை விலக்கியது. மறு ஆண்டே சாராயம் வடிக்கும் தொழிலை உள்நாட்டில் யாவர்க்கும் திறந்துவிட்டது. தானியத்துக்கு விலையும் அரசுக்கு வருவாயும் கிட்டின. லண்டன் ஏழைக்கோ ஜின் மலிந்தது. தாய்மாரும் குடியில் வீழ்ந்தனர். 1736இல் கடுந்தீர்வை விதித்தும் கள்ள விற்பனையே ஓங்கிற்று. 1751ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே அவ்வெறி தணிந்தது. மலிவு ஒரு பழக்கத்தை விரைவில் வளர்க்கும். சட்டம் அதனை மெல்லத்தான் களையும்.

மதுவில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதைத் திருக்குர்ஆன் மறுக்கவில்லை. அதன் கேடு பயனினும் பெரிது என்றே எடைபோடுகிறது. அரசுகளும் அத்தராசைக் கையில் எடுக்கட்டும். சுங்கம் மத்திய அரசுக்குரியது; மதுவின் கலால் வரியும் விற்பனை விதிகளும் மாநிலங்களின் கையில் உள்ளன. மதுவிலக்கை நாடுமாறு அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவும் வழிகாட்டுகிறது.

எனினும் சட்டத்தினும் வலியது உள்ளம். மதீனாவில் மதுவிலக்கு ஆணை வந்தபோது, தெருக்களில் மது ஓடியது. அதைக் கொட்டியவர்கள் காவலர்கள் அல்லர், அதுவரை குடித்தவர்களே! ஈமான் அவர்களை முன்பே பண்படுத்தியிருந்தது. நம் பிள்ளைகளின் உள்ளத்திலும் அச்சுவரை எழுப்புவோம். எந்த உடன்படிக்கையாலும் அதைத் தாழ்த்த இயலாது. வல்ல இறைவன் துணை புரிவானாக!