பழைய பெயரை அடித்துவிட்டால் போதுமா?

“இந்த மாத்திரை செட் ஆகலைன்னா வேற மாத்திரை மாத்திக்க வேண்டியதுதானே.” மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் வீட்டார் இப்படித்தான் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பிலும் இதே பேச்சுதான். சில டாக்டர்களின் சீட்டும் இதையே சொல்கிறது: பழைய மாத்திரையின் பெயர் மேல் ஒரு கோடு, அதற்குக் கீழே புதிய பெயர், இரவு ஒன்று, முப்பது நாள். இரண்டுக்கும் நடுவே என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. நேற்றுவரை அது, இன்றிலிருந்து இது. இந்த நம்பிக்கை தவறு, ஆபத்தும்கூட. நன்றாகத் தேறியிருக்க வேண்டிய பலர் பாதியில் சிகிச்சையையே விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மருந்தை மாற்றுவதில் தவறே இல்லை. பலருக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் நடந்த ‘ஸ்டார்-டி’ என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முதல் மருந்திலேயே நோய் முழுதாக விலகியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். அடுத்த கட்டத்தில் வேறு மருந்துக்கு மாறியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குணம் கிடைத்தது. செர்ட்ராலினுக்கு மாறினாலும் வென்லாஃபாக்ஸினுக்கு மாறினாலும் புப்ரோபியானுக்கு மாறினாலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியிருக்க, எந்த மருந்துக்கு மாறுவது என்று செலுத்தும் கவனத்தில் பாதியையாவது எப்படி மாறுவது என்பதில் செலுத்த வேண்டாமா?

நிறுத்தியவுடன் உடம்பை விட்டுப் போய்விடும் மருந்தும் இல்லை, எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் போவதும் இல்லை. வென்லாஃபாக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம், அது சிதைந்து உண்டாகும் பொருளுக்கு 11 மணி நேரம். பராக்ஸெடினுக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஃபுளுஒக்ஸெடின் வேறு கதை. தொடர்ந்து சாப்பிட்டவர் உடம்பில் அது பாதியாகவே 4 முதல் 6 நாள் ஆகும். அதிலிருந்து உண்டாகும் பொருள் பாதியாக 4 முதல் 16 நாள் வரை ஆகலாம். ஆக, ஃபுளுஒக்ஸெடினை நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் சொல்லி மூன்று வாரம் ஆன பிறகும் அது உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வென்லாஃபாக்ஸினோ இரண்டு வேளை தவறினாலே உடம்பு அதைத் தேடும். இந்த இரண்டுக்கும் ‘இன்றைக்கு நிறுத்து, நாளைக்குத் தொடங்கு’ என்று ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

பெரிய கெடுதல் இனிமேல்தான். மாற்றிய இரண்டாம் மூன்றாம் நாளில் தலை கிறுகிறுக்கிறது. குமட்டுகிறது. தூக்கத்தில் விசித்திரமான கனவுகள். காரணமில்லாமல் எரிச்சல், அழுகை. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ஷாக் அடித்தது போல் ஒரு வெட்டு. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: “புது மாத்திரை ஒத்துக்கல.” அல்லது, “நோய் முத்திருச்சு.” பெரும்பாலும் இரண்டும் இல்லை. சட்டென்று நிறுத்திய பழைய மருந்துக்காக உடம்பு தவிக்கிறது, அவ்வளவுதான். மனச்சோர்வு திரும்பி வரும்போது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். வந்தால் நோயாளிக்கு ஏற்கெனவே பழகிய முகத்தோடு வரும். இந்தத் தவிப்பு சில நாட்களிலேயே வருகிறது, அவர் இதற்கு முன் அறியாத ஷாக்கோடும் கிறுகிறுப்போடும் வருகிறது. (ஃபுளுஒக்ஸெடின் மட்டும் மெதுவாக வெளியேறுவதால் தாமதமாகக் காட்டும்.) இந்த வேறுபாட்டை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், புதிய மாத்திரை ஐந்தாம் நாளே குப்பைக்குப் போகிறது. அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியாது. குற்றம் செய்யாத மருந்து தண்டிக்கப்படுகிறது. “எந்த மாத்திரையும் எனக்குச் சேரல” என்ற முடிவோடு ஒருவர் வீட்டுக்குள் அடைந்துகொள்கிறார்.

இன்னொரு தீர்ப்பும் உண்டு: “பாத்தியா, அடிமையாக்கிட்டாங்க.” அதுவும் சரியல்ல. மேலும் மேலும் வேண்டும் என்ற வெறி இதில் கிடையாது. மாதக்கணக்கில் இருந்த மருந்துக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொண்ட மூளைக்கு மறுபடி மாறிக்கொள்ள அவகாசம் வேண்டும். 2019இல் மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் எழுதியது இங்கே முக்கியம். அளவு குறையக் குறைய மருந்தின் விளைவு அதே விகிதத்தில் குறைவதில்லை. 20 மில்லிகிராமிலிருந்து 10க்கு இறங்குவது மூளைக்குச் சிறிய இறக்கம். 5இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதே பெரியது. கடைசிப் படிதான் உயரமான படி. அந்தப் படியில்தான் நாம் நோயாளியைத் தள்ளிவிடுகிறோம்.

ஒரே இரவில் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை ஒரே விதமாகப் பாதிக்கும் மருந்துகளுக்குள், எஸ்சிடலோபிராமிலிருந்து செர்ட்ராலினுக்கு என்பதுபோல, டாக்டர் நேரடியாகவே மாற்றுவதுண்டு. பழையது விட்ட இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும். ஆனால் மிர்ட்டாசபினோ புப்ரோபியானோ அந்த இடத்தைப் பிடிக்காது. பராக்ஸெடினிலிருந்து அவற்றுக்கு ஒரே இரவில் மாறினால் பராக்ஸெடின் போன வேதனை முழுதாகத் தெரியும். அங்கே பழையதைப் படிப்படியாகக் குறைத்தபடியே புதியதைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டியிருக்கும்.

அதையும் கணக்கில்லாமல் செய்ய முடியாது. இரண்டு மருந்தும் சேர்ந்து செரட்டோனினை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் நடுக்கம், கடும் வியர்வை, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை, தானாகத் துடிக்கும் கால் தசை, காய்ச்சல் என்று பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். அப்போது அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் ஊரில் இந்த ஆபத்து வேறு வாசல் வழியாகவும் வருகிறது. முதுகுவலிக்கு எழுதும் டிரமடால், இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் லினிசோலிட் ஆகிய மூன்றுமே செரட்டோனினைத் தொடுபவை. ஒற்றைத் தலைவலிக்கு எழுதப்படும் அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வு மருந்துதான் என்பது அதைச் சாப்பிடும் பலருக்குத் தெரியாது. ஃபுளுஒக்ஸெடின் அமிட்ரிப்டிலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவைக்கும். நிறுத்திச் சில வாரம் வரை அந்தத் தடை நீடிக்கும். அந்த இடைவெளியில் வழக்கமான அளவே உடம்பில் கூடுதலாகத் தேங்கி, இதயத் துடிப்பு வரை பாதிக்கலாம். “அது நிறுத்தியாச்சு டாக்டர்” என்று ஒருவர் சொல்லும்போது, எப்போது என்ற கேள்வி கட்டாயம் வர வேண்டும்.

கடைகளில் நடக்கும் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி மாறி உள்ளே அதே மருந்து இருந்தால் அது மாற்றமே அல்ல. மருந்தே மாறினால், அட்டை ஒரே நிறத்தில் இருந்தாலும் பெரிய மாற்றம். “பவர்” என்று எண்ணைப் பார்த்துப் பயப்படுவது மற்றொன்று. எஸ்சிடலோபிராம் 10இலிருந்து செர்ட்ராலின் 50க்கு மாற்றினால் ஐந்து மடங்கு ஏற்றிவிட்டார்கள் என்று பதறிப் பாதி மாத்திரையாக உடைப்பவர்கள் உண்டு. இரண்டுமே அந்தந்த மருந்தின் சாதாரண அளவுதான். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது எஸ்சிடலோபிராமும், பதற்றத்தைத் தணிக்கும் குளோனசிபாமும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. இந்தியாவில் அது தாராளமாக எழுதப்படுகிறது. நாள்பட அதைச் சாப்பிட்டவருக்கு எஸ்சிடலோபிராமை மாற்றுவதாக நினைத்து அந்த மாத்திரையை நிறுத்தினால் குளோனசிபாமும் அன்றே நின்றுவிடும். அது திடீரென நின்றால் தூக்கம் கெட்டுப் பதற்றம் பெருகும், வலிப்புகூட வரலாம். நோயாளி மாற்றியது ஒன்று, நின்றது இரண்டு.

இவ்வளவையும் சொன்னால் ஜனங்கள் பயந்து மருந்தே சாப்பிட மாட்டார்கள் என்று ஒரு மறுப்பு வரும். எனக்கு அது ஏற்பில்லை. மூன்றாம் நாள் தலைசுற்றும், இரண்டொரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தாங்க முடியாவிட்டால் வா என்று முன்பே கேட்டவர் தாங்கிக்கொள்வார். கேட்காதவர்தான் ஓடுவார். அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில் நேரம் எங்கே இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் எழுதிக் கொடுங்கள் என்கிறேன். எந்தத் தேதிவரை பழையது எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து புதியது எவ்வளவு, எது தெரிந்தால் உடனே வர வேண்டும், மறுபடி பார்ப்பது எப்போது: நான்கு வரி. கோடு போட்டு அடிக்கும் இடத்தில் இந்த நான்கு வரியை எழுதலாம்.

இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர் என்றால் மாற்றிய முதல் வாரங்களில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். இளையோரிடம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே எச்சரிக்கை அச்சிடச் சொல்லி, 2007இல் அதை 24 வயதுவரை நீட்டியது. அப்படிப் பேச்சு எழுந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்கக் கூடாது. இரவானாலும் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போகும்போது பழைய அட்டையையும் நிறுத்திய தேதியையும் கொண்டுபோங்கள். பல்லுக்கோ முழங்காலுக்கோ போனாலும்தான்.