டாக்டர் இல்லையாம்!

நம்ம ஊரில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால், தெருவே வைத்தியம் சொல்ல வந்துவிடும். பாகற்காய் ஜூஸ் குடிங்க, வெந்தயம் ஊறவைங்க, ஆவாரம்பூ டீ போடுங்க என்று அக்கறை வழியும். அதே வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால்? வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே இருப்பவர்கள் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரிப்பார்கள். சினிமா அப்படித்தானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது!

அந்தச் சிரிப்பைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம். இன்றைக்கு என் சண்டை வேறு ஒரு ஜோக்கோடு. மனநோய்க்கு ஏன் எல்லா ஊரிலும் சிகிச்சை கிடைப்பதில்லை என்று கேட்டால், வருடக்கணக்கில் ஒரே பதில்தான் வருகிறது: 'என்ன செய்றது சார், டாக்டர் இல்லையே!'

டாக்டர்கள் குறைவு என்பது உண்மை. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாது. 2015-16ல் பெங்களூரு நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல சர்வே, நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவிகிதம் பேருக்கு உரிய சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது. அதாவது பத்துப் பேரில் குறைந்தது ஏழு பேர் அம்போ! தமிழ்நாடும் அந்த சர்வேயில் உண்டு.

ஆனால், 'டாக்டர் குறைவு, அதனால் ஒன்றும் செய்ய முடியாது' என்பது பொய். அதைப் பொய் என்று நிரூபித்தது அமெரிக்காவோ லண்டனோ இல்லை, கோவாவும் நம் காஞ்சிபுரமும்தான்.

முதலில் கோவா. மனப்பதற்றம், மனச்சோர்வு இரண்டும் 'மெண்டல்' என்று யாரும் சொல்லாத நோய்கள். படபடப்பு, தூக்கமின்மை, தலைவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையோடு திரும்பிப் போவார்கள். அங்கே ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். உள்ளூரில் பட்டப்படிப்பு முடித்த பெண்களுக்கு இரண்டு மாதம் பயிற்சி. மருத்துவம் படித்தவர்கள் இல்லை. நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது, நோயைப் புரிய வைப்பது, விடாமல் தொடர்ந்து பார்ப்பது அவர்கள் வேலை. மாத்திரை வேண்டுமென்றால் எழுதுபவர் டாக்டர். மேலே, வழிகாட்ட ஒரு மனநல நிபுணர். மொத்தம் 24 மருத்துவ மையங்கள். 2010ல் 'லேன்செட்' இதழில் முடிவு வந்தது. அரசு மையங்களில் இந்த ஏற்பாடு இருந்த இடத்தில், ஆறு மாதத்தில் 65.9 சதவிகிதம் பேர் தேறினார்கள். இல்லாத இடத்தில் 42.5.

தனியார் கிளினிக்குகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஆக, இந்த ஏற்பாடு பலன் தந்தது அரசு மையத்து க்யூவில் நிற்கிறவர்களுக்குத்தான்!

'சரி சார், பதற்றத்துக்கு நாலு நல்ல வார்த்தை போதும். மனச்சிதைவுக்கு எடுபடுமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காதில் யாரோ பேசுகிற குரல் கேட்கும். வீட்டுச் சாப்பாட்டில் விஷம் இருக்கும் என்று சந்தேகம் வரும். இதற்கு மாத்திரை அவசியம். ஆனால், அந்த மாத்திரையை மாதாமாதம் வாங்கப் பஸ் செலவு யார் கொடுப்பது? 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே' என்று பாதியில் நிறுத்தும்போது யார் கவனிப்பது? திட்டித் திட்டிக் களைத்துப்போன அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

இதைத்தான் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் கோவாவிலும் மகாராஷ்டிராவின் சதாராவிலும் சோதித்தார்கள். காஞ்சிபுரத்தில் நடத்தியது சென்னையின் 'ஸ்கார்ஃப்' நிறுவனம். மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆஸ்பத்திரி சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் பணியாளர் வீட்டுக்கே போவார். 2014ல் இதுவும் 'லேன்செட்'டில் வந்தது. ஒரு வருடத்தில், வீடு தேடிப் போனவர்களிடம் நோயின் தீவிரமும் முடக்கமும் குறைந்திருந்தன. பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். மொத்தத்தில் சுமாரான முன்னேற்றம்தான். ஆனால், மூன்று இடங்களில் எங்கே பலன் அதிகம் தெரியுமா? தமிழ்நாட்டுக் கிராமத்தில்!

பதில் நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது. நாம்தான் குனிந்து எடுக்கவில்லை.

எடுக்காததற்கு என்ன விலை கொடுத்தோம் என்று மறந்துவிட்டதா? 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடூரர்கள் இல்லை. போக வேறு இடம் தெரியாத அப்பா, அம்மா, அண்ணன், தம்பிகள்.

தர்காவுக்கும் கோயிலுக்கும் போகாதே என்று நான் சொல்லவில்லை. குணசீலத்துக்குப் போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஆறுதல் கிடைக்கிறது. பிரார்த்தனையும் மாத்திரையும் எதிரிகள் இல்லை. ஆனால், ஒரு எச்சரிக்கை. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், ஒரு பிரார்த்தனை முகாமில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். அங்கேயே ஆராய்ச்சி நடத்தி, ஒரு பகுதியினருக்குப் பிரார்த்தனையோடு மாத்திரையும் கொடுத்தார்கள். 2018ல் முடிவு வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைந்தது. ஆனால், சங்கிலியில் கிடந்த நாட்கள் குறையவில்லை! மாத்திரை தானாகச் சங்கிலியைக் கழற்றாது என்பதுதான் இதன் அர்த்தம். கழற்ற ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் இருந்து பேச, பயத்தைப் போக்க, 'இவர் தேறிட்டார், விடுங்க' என்று சொல்ல ஒரு மனுஷர் வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2017ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் எக்காரணத்துக்கும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. அரசுச் செலவில் நடக்கும் மனநல சிகிச்சையைப் பெறுவது எல்லோருக்கும் உரிமை என்கிறது. சட்டம் சொல்லும் அந்தச் சேவை உங்கள் மாவட்டத்தில் இல்லாமல் போனால், மாவட்டத்தில் வேறு இடத்தில் சிகிச்சை எடுக்கலாம், செலவை அரசு ஏற்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. படித்துப் பாருங்கள், கண் கலங்கும். அவ்வளவு அழகான காகிதம்!

மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் நாட்டின் நாலே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி. பெருமைதான். ஆனால், வாரத்தில் ஒரு நாள் டாக்டர் வந்து, நீண்ட வரிசையைப் பார்த்து, மாத்திரை எழுதிவிட்டுப் போனால் அது பாதித் திட்டம். மீதிப் பாதி, வீட்டுக்குப் போகிற ஆள்.

'டாக்டர் வேலையை அரைகுறையாகப் படித்தவர்கள் கையில் கொடுப்பதா?' என்று சில டாக்டர்களே கோபப்படலாம். கொடுக்கச் சொல்லவில்லை, ஐயா. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் உங்கள் வேலைதான். டாக்டரோடு சேர்த்து ஆள் போடச் சொல்கிறேன், டாக்டருக்குப் பதிலாக அல்ல. பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோக முடியும் என்று 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' காட்டியது. கொண்டுபோனவர்கள் யார்? நம் ஊர்ப் பெண்கள். அவர்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சியும் கண்ணியமான சம்பளமும் கொடுத்தால், சாத்திய கதவையும் தட்டுவார்கள். சம்பளம் என்று அழுத்திச் சொல்கிறேன். 'சேவை' என்ற பெயரில் சில்லறையை நீட்டினால் ஆறு மாதத்தில் ஆள் இருக்க மாட்டார்.

அடுத்தமுறை உங்கள் எம்.எல்.ஏ. வோட்டுக் கேட்டு வருவார். ரோடு, தண்ணீர், ரேஷன் எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள். 'டாக்டர் இல்லையே' என்று அவர் கையை விரித்தால் விடாதீர்கள்.

'டாக்டர் வர்றப்போ வரட்டும். வீட்டுக்கு வர ஆள் எங்கே?' என்று கேளுங்கள்.