வாடகைக்காரருக்கும் நாய் வளர்க்க உரிமை இருக்கு

தோழர்களே, கைவிடப்பட்ட நாய்க்கு "நல்ல வீடு" எண்டதும் தோட்டத்தோட சொந்த வீடுதான் எங்கட மனசில வருது. ஒஸ்லோவில் அது யாரிட்ட இருக்கு?

தோட்டமிருந்தும் நாள் முழுக்க ஆளில்லாத வீடு இளம் நாய்க்குச் சரிவராது. அமைதியான கிழட்டு நாய்க்குச் சின்ன அறையும், நேரத்துக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போற ஆளும் போதும். நாயின் குணத்தையும் எங்கட நேரத்தையும்தான் பொருத்திப் பார்க்கவேணும், சொத்தையில்லை.

சட்டமும் வாடகைக்காரரைக் கைவிடவில்லை. 1999ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், பிரிவு 5-2: ஒப்பந்தம் தடுத்தாலும், நல்ல காரணம் இருந்து, வீட்டுக்காரருக்கோ அயலவருக்கோ இடைஞ்சல் இல்லையெண்டால் மிருகம் வளர்க்கலாம்.

ஆனால் தவணை ஒப்பந்தத்துக்குப் பொதுவாகக் குறைந்தபட்சம் 3 வருசம். வீட்டுக்காரர் இருக்கிற வீட்டின் நிலவறைக்கு 1 வருசமே போதும். நாயோ 10 வருசத்துக்கு மேல் வாழும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது எண்ட பயத்தில் உரிமையை ஆர் கேட்பினம்?

ஆகவே தத்தெடுக்க முதல் காரணங்களை வீட்டுக்காரருக்கு எழுத்தில் குடுங்கோ. வாடகைக்காரர் சங்கமான லைஎபூஎர்ஃபொரெனிங்கனில் சேருங்கோ. நீண்டகால ஒப்பந்தத்துக்கான போராட்டம் நாய்களுக்கானதும்தான்.