அடைப்பு நம் வீட்டில், ஆபத்து யாருக்கு?

அடைப்பு எடுக்க வரும் அனுபவமுள்ள பிளம்பர், கருவிப் பையைத் திறக்கும் முன்பே ஒன்று கேட்பார்: “உள்ளே ஏதாவது ஊத்தினீங்களா?” ஆசிட்டோ காஸ்டிக் சோடாவோ ஊற்றிப் பார்த்து, அதுவும் பலிக்காமல்தான் பல வீடுகளில் அவரைக் கூப்பிடுகிறார்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மழுப்பிவிட்டால், ரப்பர் பம்பை வைத்து அவர் ஓங்கி அழுத்தும்போது தேங்கி நிற்கும் கரைசல் அவர் கண்ணில்தான் தெறிக்கும். வீட்டுக் குழாய்க்கு எந்த அடைப்பு நீக்கி நல்லது என்று யோசிக்கிற நாம், அந்தக் குழாயைக் கழற்றும் கையையும், அது போய்ச் சேரும் தெருச் சாக்கடையையும், அதைத் திறக்க வரும் தொழிலாளியையும் சேர்த்து யோசிப்பதில்லை. ஒரு வீட்டுக்காரர் மட்டும் திருந்தி இதைச் சரிசெய்துவிட முடியாது. தெருவும் குடியிருப்பும் கடையும் அரசும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டிய விஷயம் இது.

முதலில் ஆசிட். தள்ளுவண்டியிலும் பெட்டிக்கடையிலும் ‘பாத்ரூம் ஆசிட்’ என்று கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளியலறை அடைப்புக்குக் காரணம் முடியும் சோப்புப் படிவும். சமையலறை அடைப்புக்குக் காரணம் எண்ணெயும் மாவும். இந்த அமிலம் முடியையும் கரைப்பதில்லை, எண்ணெயையும் கரைப்பதில்லை. அது கரைப்பது உப்புக் கறையையும் சிமென்ட்டையும் இரும்பையும். பழைய வீடுகளில் வார்ப்பிரும்புக் குழாய்களும், சேம்பர் வரை புதைத்த ஸ்டோன்வேர் குழாய்களும் இன்னும் இருக்கின்றன. ஸ்டோன்வேர் அமிலத்தைத் தாங்கும். ஆனால் இணைப்புகளில் பூசியிருக்கும் சிமென்ட் தாங்காது. அங்கே விழும் விரிசலில் மரத்தின் வேர் நுழையும். பிறகு வரும் அடைப்பு தரையைத் தோண்டாமல் தீராது. அடைப்புக்கு ஆசிட் ஊற்றுவது காசைக் கொடுத்து வீட்டைக் கெடுத்துக்கொள்வதாகும்.

பொட்டலத்தில் வரும் வெள்ளைத் தூள் வேறு ரகம். அதில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. சிலவற்றில் அலுமினியத் துகளும் கலந்திருக்கும். இது உண்மையிலேயே வேலை செய்யும். எண்ணெயைச் சோப்பாக மாற்றும், முடியைச் சிதைக்கும். ஆனால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். பிவிசி குழாயைக் காஸ்டிக் சோடா அரிக்காது என்று கடைக்காரர் சொல்வது சரிதான். சூட்டைப் பற்றி அவர் சொல்வதில்லை. கழிவுநீருக்குப் போடும் பிவிசி, வெப்பநிலை 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். முழுதாக அடைத்த குழாயில் தூளைக் கொட்டினால் அது ஓடிப் போகாமல் வளைவில் குவிந்து, ஒரே இடத்தில் கொதிக்கும். சிங்க்குக்குக் கீழே இருக்கும் பாட்டில் டிராப்பும் ரப்பர் வாஷரும் முதலில் பழுதாகும். போதுமான தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால், உருவான சோப்பே உள்ளே கட்டியாக இறுகுவதும் உண்டு. அதனால் இந்தத் தூள், தண்ணீர் மெதுவாகவாவது இறங்கும் குழாய்க்குத்தான்; முழு அடைப்புக்கு ஆகாது.

ஒன்று பலிக்கவில்லை என்று இன்னொன்றை அதன்மேல் ஊற்றும் பழக்கம் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. காஸ்டிக் சோடாமேல் ஆசிட் விழுந்தால் வெடித்துச் சிதறுவதுபோல் மேலே எழும்பும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். ஜன்னல் சிறிதான குளியலறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும்.

குழாய்க்கும் மனிதருக்கும் குறைந்த தீங்கு செய்வது நுண்ணுயிர் அல்லது நொதி சேர்ந்த திரவங்கள். இவை எண்ணெய்ப் படிவையும் மாவையும் மெல்ல மெல்லச் சிதைக்கும். இரவில் ஊற்றிக் காலைவரை தண்ணீர் விடாமல் இருக்க வேண்டும். செப்டிக் டேங்க் உள்ள வீடுகளுக்கு இதுவே பொருத்தம். அந்தத் தொட்டி பாக்டீரியாவால்தான் இயங்குகிறது. ஆசிட்டும் பிளீச்சும் அதிகமாகப் போனால் அவை செத்து, தொட்டி சீக்கிரம் நிரம்பும். ஆனால் நொதித் திரவம் இன்றைய அடைப்பை இன்றே எடுக்காது. அடைப்பு வராமல் காப்பதுதான் அதன் வேலை. வினிகரும் சமையல் சோடாவும் நுரைத்துப் பொங்கினாலும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு உப்புத் தண்ணீர் ஆகிவிடுகின்றன. தீங்கில்லை, பெரிய பயனும் இல்லை.

இன்றைய அடைப்புக்கு என்ன வழி? கை எட்டும் தூரத்தில்தான் பெரும்பாலான அடைப்புகள் இருக்கின்றன. சிங்க்குக்குக் கீழே ஒரு வாளியை வைத்து, பாட்டில் டிராப்பின் அடிமூடியைத் திருகிக் கழற்றிக் கழுவலாம். குளியலறை நானி டிராப்பின் ஜாலியையும் உள்ளே இருக்கும் கிண்ணத்தையும் தூக்கினால் முடிக்கற்றை அங்கேயே கிடக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ரப்பர் பம்ப், அதற்கு மேல் ஸ்பிரிங் கம்பி. இவை ஒரு முறை வாங்கினால் பல வருஷம் உழைக்கும். நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது, பாமாயில் மார்கழிக் காலையில் கட்டிதட்டுவது நம் எல்லோருக்கும் தெரியும். வடைச்சட்டி எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாமல் பழந்துணியிலோ காகிதத்திலோ துடைத்துக் குப்பையில் போட்டால் பாதிப் பிரச்சினை வீட்டுக்குள் நுழையவே நுழையாது.

இனி தெருவுக்கு வருவோம். சாக்கடைக் கசட்டில் சல்ஃபைடுகள் இருக்கும். அதோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் அந்த வாயுவின் அடர்த்தி கூடும்போது, மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும். சாக்கடை மரணங்களுக்கு வீட்டு ஆசிட்தான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. மனிதரைக் குழிக்குள் இறக்குவதுதான் காரணம். ஆனாலும் விஷவாயு நிறைந்த ஓர் இடத்தில் நம் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்தில் தரப்பட்ட மரணக் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இது நம் மாநிலத்துக்குத் தலைக்குனிவு.

ஆசிட் விற்பனைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. அமில வீச்சு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி, வாங்குபவரின் அடையாளத்தைப் பதியாமல் சில்லறையில் ஆசிட் விற்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கவே கூடாது. அப்படியிருந்தும் குளிர்பானப் பாட்டிலில் ஆசிட்டை ஊற்றி விற்பதும், அதைத் தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடிப்பதும் நிற்கவில்லை. வியாபாரிகள் சங்கங்கள் இதில் தாமாக முன்வர வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் எந்த ரசாயனமும் விற்பதில்லை என்று ஒரு கடைவீதி முடிவெடுக்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

உற்பத்தி நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பொட்டலப் பொருள்களில் கட்டாயம் அச்சிட வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கிறது விதி; கூடுதலாகத் தமிழில் அச்சிட எந்தத் தடையும் இல்லை. எச்சரிக்கையைப் படிக்க வேண்டியவர் பாத்திரம் தேய்க்கும் அக்காவும் அடைப்பு எடுக்க வரும் தம்பியும்தான். எதோடு கலக்கக் கூடாது, மேலே பட்டால் எவ்வளவு நேரம் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பவை அவர்களுக்குத் தமிழில், பெரிய எழுத்தில் தெரிய வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிக்கலாம். பொதுக் குழாயில் ஆசிட் ஊற்றுவதில்லை. ஏதாவது ஊற்றியிருந்தால் வேலைக்கு வருபவரிடம் மறைப்பதில்லை. கையுறையும் கண்ணாடியும் சங்கமே வாங்கி வைக்கும். எந்தக் காரணத்துக்காகவும் ஆளைக் குழிக்குள் இறக்குவதில்லை. இந்த நான்கையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, மோட்டார் அறைக் கதவில் ஒட்டுங்கள். தெருச் சேம்பர் பொங்கினால் சென்னையில் 1916-க்கும், செப்டிக் டேங்க் நிரம்பினால் 14420-க்கும் கூப்பிடுங்கள்.