விசிறி சுழலாத லொறி

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் நெடுஞ்சாலையில், கடுகண்ணாவை ஏற்றத்தின் ஓரத்திலே முகப்பு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆவி பறக்க நிற்கும் லொறியைக் காணாத கண்டிவாசி எவருமிலர். அந்த லொறி மரக்கறி வியாபாரி ஒருவருடையதாயின் நட்டம் அவரோடும் அவருக்குக் கடன் கொடுத்தவரோடும் போகும். அது மண்சரிவில் அகப்பட்ட மக்களுக்கு அரிசி கொண்டு செல்லும் இராணுவ லொறியாயின் நட்டம் யாரோடு போகும்? இக்கேள்வியைக் கேட்பதற்கு நாம் பொறியியல் கற்றிருக்க வேண்டியதில்லை. வரி செலுத்தும் குடிமக்களாக இருந்தாற் போதும்.

இராணுவ லொறி என்ற சொல் நம்மவருட் பலருக்கு இனிய நினைவைத் தருவதன்று என்பதை நாம் அறியாமலில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ-9 வீதியில் அந்த லொறிகள் எத்தனை ஆண்டுகள், எத்தகைய காரியங்களுக்காக ஓடின என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சீரழித்தபோது, கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தபோது, முப்படையினரின் வண்டிகளையே மக்கள் எதிர்பார்த்து நின்றார்கள். தோட்டத்து லயங்களில் இருந்தவர்களும் எதிர்பார்த்து நின்றார்கள். வேறு வண்டி இல்லை என்பதே அதற்குக் காரணம். அப்படியாயின் அந்த வண்டியின் நலனும் நம் நலனே. அதைப் பற்றிப் பேசுவது படைக்குப் பல்லக்குத் தூக்குவதாகாது.

இனி விடயத்துக்கு வருவோம். லொறியின் இயந்திரத்துக்கும் றேடியேற்றருக்கும் இடையே ஒரு விசிறி உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1944 இல் மௌண்ட்பேற்றன் பிரபு தம் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, கண்டித் தெருக்களை நிறைத்த படை லொறிகளில் இவ்விசிறி இயந்திரத்தோடு நேரே பிணைக்கப்பட்டிருந்தது. இயந்திரம் சுழன்றால் விசிறியும் சுழலும். வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் சுழலும். விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. சமதரையில் விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கும். அப்போது விசிறி சுழல்வது எரிபொருளை வீணே காற்றில் இறைப்பதாகும். ஆதலின் விசிறிக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஒரு கிளச்சை வைத்தார்கள். சூடு ஏறினால் விசிறியைப் பிணைப்பதும், சூடு இறங்கினால் விடுவிப்பதும் அதன் வேலை.

நம் விவசாயிகள் ஓட்டும் கன்டர், எல்ஃப் போன்ற சிறு லொறிகளில் இருப்பது பிசுக்கான சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய கிளச்சு. அதன் முகத்தில் ஒரு உலோகச் சுருள் உண்டு. றேடியேற்றரிலிருந்து வரும் சூடான காற்றுப் பட்டதும் அச்சுருள் முறுகி, உள்ளே ஒரு வழியைத் திறந்து எண்ணெயைப் பாயவிட, அவ்வெண்ணெயின் பிடிமானத்தில் விசிறி சுழல்கின்றது. படைவண்டிகள் சிலவற்றிலோ ஏற்பாடு வேறு. 1980களில் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஹம்வி வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் விசிறிக் கிளச்சு ஹைட்ரோலிக் அழுத்தத்தால் இயங்குவது. ஸ்டியரிங்குக்கு எண்ணெய் தள்ளும் பம்பே இதற்கும் எண்ணெய் தள்ளுகின்றது. அழுத்தம் இருக்கும்வரை விசிறி விடுபட்டு நிற்கும். சூடு எல்லை கடந்தால் அழுத்தம் விடப்பட, ஒரு சுருள்வில் விசிறியைப் பிணைத்துவிடும். பழுது வந்து அழுத்தம் அற்றுப்போனாலும் விசிறி சுழன்றுகொண்டேயிருக்கும். தவறு நேர்ந்தால் அது பாதுகாப்பின் பக்கம் சாயட்டும் என்று எண்ணிச் செய்த அமைப்பு இது. சட்டம் இயற்றுவோர் இதைச் சற்றுப் பார்த்துப் படிக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் அவ்வமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. அதே பம்பின் எண்ணெய்தான் பிரேக்கை மிதிக்கும் காலுக்கும் துணைவலு தருகின்றது. விசிறிக் கிளச்சின் முத்திரை வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் முதலில் தரையில் சில துளிகள் தெரியும். கவனியாது விட்டால் ஸ்டியரிங் கனக்கும். அதையும் கவனியாது விட்டால் பிரேக்கும் கல்லாகும். ஹம்வி நம் வீதிகளில் ஓடும் வண்டியன்று. ஆயினும் ஒரே எண்ணெயை நம்பி மூன்று காரியம் நடக்கும் வண்டி எதுவாயினும், கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில் அதன் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு வளையத்தின் விலை என்ன? வண்டியில் இருப்பவர் உயிரின் விலை என்ன?

இக்கிளச்சை மாற்றுவது பெருவித்தை அன்று. பொறுமை வேண்டும், அவ்வளவே. இயந்திரம் முற்றாக ஆறிய பின், பற்றறியின் இணைப்பைக் கழற்றிவிட்டே கை வைக்கவேண்டும். விசிறியைச் சூழ்ந்திருக்கும் மறைப்பையும் பட்டியையும் அகற்றி, எண்ணெய்க் குழாயைக் கழற்றும்போது வழியும் எண்ணெயைப் பாத்திரத்தில் ஏந்தி, குழாயின் வாயைத் தூசி புகாது அடைத்துவிட வேண்டும். பழைய வளையத்தைத் துடைத்து மீண்டும் போடலாகாது. ஆணிகளைக் கைப்பலத்தின் மதிப்பீட்டில் முறுக்காது, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். பின் எண்ணெய் நிரப்பி, இயந்திரத்தை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பித் திருப்பி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, கசிவு உண்டா எனப் பார்த்து, மீண்டும் எண்ணெய் அளவைச் சரிபார்க்க வேண்டும். கடைசியிலே, கழற்றிய மறைப்பை மறவாமல் பூட்டவேண்டும். மறைப்பு இல்லாத விசிறி றேடியேற்றரினூடாகக் காற்றை இழுப்பதை விட்டுத் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கடைந்துகொண்டிருக்கும். வேலையில் மிஞ்சிப்போன பொருளென்று மறைப்பைக் கராஜ் மூலையில் எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது ஒழியவேண்டும்.

சிலிக்கோன் கிளச்சைச் சோதிக்கும் வழியையும் லொறி வைத்திருக்கும் விவசாயத் தோழர்களுக்குச் சொல்லிவிடுகின்றோம். இயந்திரம் நிறுத்தப்பட்டு ஆறியிருக்கும்போது விசிறியைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். சிறிது தடை இருந்தால் நன்று. தடையே இன்றிப் பம்பரம்போற் சுற்றினால் எண்ணெய் போய்விட்டது. முன்னும் பின்னும் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. கிளச்சின் முகத்தில் கருமையான எண்ணெய்ப் பிசுக்குக் கோடு கோடாகப் பரவியிருந்தாலும் ஐயுறுங்கள். கிளச்சு கெட்டால் அதை விசிறியோடு சேர்த்து ஆணியால் இறுக்கி நிரந்தரமாகப் பூட்டிவிடுவதும், தெர்மோஸ்டாற்றைக் கழற்றி வீசிவிடுவதும் சிலருடைய கைவைத்தியம். அவ்வைத்தியத்தால் அன்றைய சூடு தணியும். எரிபொருட் செலவோ மாதாமாதம் ஏறும். ஏற்றத்தில் வேகம் குறைவு, சுமை மிகுதி, எதிர்க்காற்று இல்லை. மலைநாட்டு லொறிக்கு விசிறியே உயிர்மூச்சு. அது ஓய்ந்தால் நீர் கொதிக்கும். நீர் கொதித்தால் இயந்திரத் தலை வளையும். அதைச் சீராக்கும் செலவில் பத்துக் கிளச்சு வாங்கலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையிலே 2022 இன் பொருளாதார வீழ்ச்சி. இக்காலமெல்லாம் நாட்டை இழுத்தவை பழைய லொறிகளும், அவற்றை ஓடவைத்த கராஜ்காரர்களுமே. அவர்கள் கையிலே போலி உதிரிப்பாகம் வந்து விழுகின்றதென்றால் அக்குற்றம் அவர்களுடையதன்று. பொருள் வாங்குவோனின் தேவைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்ற நியதியை 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே தந்திருக்கின்றது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் உண்டு. சட்டம் இருந்தும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. பற்றுச்சீட்டு இல்லாத வழக்கை வாதாட எந்தச் சட்டத்தரணியாலும் ஆகாது.

அரசாங்க வண்டிகளின் நிலை இதனினும் சிக்கலானது. படையில் இதற்கென்றே மின், பொறிமுறைப் பொறியியல் படையணி உண்டு. திறமையான கைகளும் உண்டு. ஆனால் கைக்குப் பொருள் வேண்டும். ஆகக்குறைந்த விலை கேட்டவனுக்கே கேள்விப்பத்திரம் என்ற மனப்பான்மை எங்கே குடிகொள்கின்றதோ அங்கே ஓராண்டுக்கு உழைக்கவேண்டிய பாகம் ஒரு மழைக்காலத்துக்கு உழைப்பதே அரிது. "பாதுகாப்புக்குப் போகும் பணம் போதாதா, இன்னும் கேட்பதா?" என்று சிலர் வினவலாம். நாம் கூடுதலாக ஒரு சதமும் கேட்கவில்லை. போகின்ற பணத்துக்குக் கணக்குக் கேட்கின்றோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. படை இரகசியம் வேண்டாம். அனர்த்த காலப் பணிக்கென ஒதுக்கப்படும் வண்டிகள் எத்தனை, அவற்றுள் ஓடக்கூடியவை எத்தனை, மழைக்கு முன் அவை பரீட்சிக்கப்பட்டனவா என்பவற்றைச் சொன்னாற் போதும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பதிலையும் தமிழிலேயே கேட்கலாம்.

இன்னொன்றும் கூறவேண்டும். வெள்ளமோ மண்சரிவோ வந்தால் இராணுவ முகாமின் வாயிலையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலை ஒரு குடியரசுக்கு அழகன்று. பிரதேச சபைகளுக்குச் சொந்தமாக லொறி வேண்டும். அதைப் பராமரிக்கும் பணிமனை வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 33 ஆம் பிரிவின் வழியாக, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப்பணம் செல்வதை நீண்டகாலம் தடுத்து வைத்திருந்தது. 2018 இல்தான் அத்தடை திருத்தப்பட்டது. தடை நீங்கிய பின்னும் கலகாவிலும் தெல்தோட்டையிலும் பன்விலையிலும் மலையுச்சித் தோட்டத்துக்கு உதவி லொறி கடைசியாகவே போய்ச் சேருகின்றதென்றால் அதற்குச் சட்டத்தைக் குறை கூற இனி இயலாது. அம்மலையேற்றங்களில் ஓடக்கூடிய லொறியும், அதைத் திருத்தத் தெரிந்த இளைஞனும் அவ்வூரிலேயே இருத்தல் வேண்டும். அவ்விளைஞன் தன் தாய்மொழியில் அத்தொழிலைக் கற்க இடம் இருத்தல் வேண்டும். பராமரிப்பு நூல் அவனுக்குப் புரியாத மொழியில் இருந்தால் முறுக்கும் அளவை அவன் ஊகித்தே முறுக்குவான்.

அடுத்த சபைக் கூட்டத்தில் இதைக் கேள்வியாக எழுப்புமாறு கண்டி மாவட்டத்தின் நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். சபையின் லொறி எத்தனை, ஓடுவது எத்தனை, நிற்பவை எதனால் நிற்கின்றன என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் பெற்று, அப்பதிலை வரும் மழைக்கு முன்னர் தம் வட்டார மக்களிடம் வாசித்துக் காட்டட்டும்.