சீட்டில்லாப் பயணமும் கட்டணமில்லாக் கருவியும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, பொறியியல் இறுதியாண்டு பயிலும் என் தமையனார் மகன் கல்யாணிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்தான். குழாய்களில் காற்றும் நீரும் ஓடும் விதத்தைக் கணிப்பொறியில் ஆராய்வது அவனுக்கு இட்ட பணி. அதற்குரிய வணிக மென்பொருளின் கட்டணம் எங்கள் குடும்பத்திற்கு எட்டாதது. நண்பன் ஒருவன் பூட்டுடைத்த பிரதியைக் கொடுத்திருந்தான். "எல்லோரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், சித்தப்பா" என்றான்.

நான் மெட்ரிகுலேஷனோடு நின்ற ரயில்வே குமாஸ்தா. பொறியியல் அறியேன். ஆயினும் "எல்லோரும்" என்னும் சொல்லைச் சீட்டின்றிப் பிடிபட்டோர் வாயிலாகப் பலமுறை கேட்டவன். "தம்பி, நேர்வழியில் செல்லும் வண்டி ஒன்றும் இல்லையா?" என்று வினவினேன்.

இருந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருப்பெற்ற ஓப்பன்ஃபோம் என்னும் மென்பொருள், 2004-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. எவரும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

அதிலுள்ள கருவியொன்று வியப்புக்குரியது. வாய்க்காலின் கோணல் மூலையில் நீர் வீணே சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். அனுபவமுள்ள உழவர் அம்மூலையை மண்ணிட்டு நிரப்புவார். நீர் சீராக ஓடும். இக்கருவி செய்வதும் அதுவே. குழாயின் உள்வெளியைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, அழுத்த இழப்புக்குக் காரணமான கட்டங்களைச் சிறிது சிறிதாக அடைக்கிறது. எஞ்சும் வழியே நல்ல குழாயின் வடிவம். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அடைத்துப் பார்ப்பதானால் ஆயுள் போதாது. துணைச் சமன்பாடுகளைத் தீர்ப்பதால் எல்லாக் கட்டங்களுக்கும் ஒருசேர விடை கிடைக்கிறது. திடப்பொருள்களுக்கு 1988-இல் பெண்ட்சோ, கிகுச்சி இருவரும் வகுத்த முறையை, 2003-இல் போர்வால், பீட்டர்சன் என்போர் நீரோட்டத்திற்கும் பொருத்திக் காட்டினர்.

பழைய கணிப்பொறியில் உபுண்டுவை ஏற்றி, ஓப்பன்ஃபோமை நிறுவினோம். இரண்டு ஞாயிறுகள் பிழைச் செய்திகளே வந்தன. "தவணை நெருங்குகிறது, அந்தப் பிரதியே போதும்" என்று பையன் சினந்தான். எனக்கும் உள்ளூர அச்சந்தான். என் பிடிவாதத்தால் அவன் ஓராண்டு இழந்தால், தமையனார்க்கு என்ன விடை சொல்வேன்?

மூன்றாம் ஞாயிறு காரணம் விளங்கியது. ஓப்பன்ஃபோமில் இரு கிளைகள் உண்டு. ஒன்றை ஓர் அறக்கட்டளையும் மற்றொன்றை ஒரு நிறுவனமும் வெளியிடுகின்றன. நாங்கள் ஒன்றை நிறுவி, மற்றதன் வழிகாட்டியைப் படித்திருந்தோம்! கர்ஜத் வண்டியில் ஏறிக் கசாராவை எதிர்பார்த்த கதைதான். கிளையும் பதிப்பெண்ணும் ஒத்த வழிகாட்டியைக் கொண்டு, உடன்வரும் மாதிரிக் கணக்கை ஓர் எழுத்தும் மாற்றாமல் முதலில் ஓட்டினோம். அடைபட்ட இடங்கள் வண்ணப் படமாகத் திரையில் தெரிந்தன. பையன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு தன் கையாலேயே அந்தத் திருட்டுப் பிரதியை அழித்தான்.

பவாயிலுள்ள பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸீ திட்டம் இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைப் பரப்பி வருகிறது. அங்கு உருவான ஸ்போக்கன் டியூட்டோரியல் பாடங்களுள் லினக்ஸ் முதலியன தமிழிலும் கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் கட்டணத்திற்கு அஞ்சிக் களவை நாடுமுன், பெற்றோர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நேர்வழியில் வண்டி இல்லையா?" பெரும்பாலும் இருக்கும், நடைமேடையைத் தேடும் பொறுமைதான் வேண்டும்.